கல்விக் கடன் தீர்த்த எஞ்சினீயர்

(வையம்பட்டியில் நடைபெற்ற நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



 நான் பிரசங்கியல்லேன், தமிழ்ப் புலவனுமல்லேன். இயந்திரங்களோடு நாற்பது வருஷம் பழகி ஓய்வுபெற்ற ஓர் எஞ்சினீயர். ஆதலின் என் பேச்சில் நயத்தை எதிர்பாராது, பொருளை மாத்திரம் கொள்ளுமாறு தங்களை வேண்டிக்கொள்கின்றேன்.

இன்று மாலை நம் முன் வரவிருக்கும் தீர்மானம் இன்னதென்பதைத் தாங்கள் அறிவீர்கள். சங்கத்தின் கையிலுள்ள பணத்தைக் கொண்டு கலியாண மண்டபம் ஒன்று கட்டுவதா, அன்றிப் பிள்ளைகளின் படிப்புக்காகச் சகாய நிதி ஒன்று ஏற்படுத்துவதா என்பதே அது. இவ்விஷயத்தில் இரு கட்சிகள் உண்டாகி, சில மாதங்களாக நம்மவருக்குள் மனவேற்றுமையும் நேர்ந்திருப்பது வருந்தத்தக்கது. நான் எக்கட்சியையும் பழிக்க வந்தேனல்லேன். ஒரு மனிதரின் சரித்திரத்தைத் தங்கள் முன் வைத்து, அதன் பிறகு என் சொந்தக் குற்றம் ஒன்றையும் ஒப்புக்கொண்டு அமர எண்ணுகின்றேன். முடிவு தங்களுடையது.

அம்மனிதர் பொள்ளாச்சி நா. மகாலிங்கம் அவர்கள். அருட்செல்வர் என்று தமிழ்நாட்டார் அன்போடு அழைத்தது அவரையே. 1923-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 21-ஆம் தேதி பொள்ளாச்சியில் நாச்சிமுத்துக் கவுண்டர் அவர்களின் குமாரராகப் பிறந்தார். தந்தையார் நிலமும் உழைப்பும் உடைய குடும்பத்தவர். எனினும் நிலத்தோடு நின்றுவிடவில்லை. 1931-இல் 21 பேருந்துகளோடு ஆனைமலைப் பேருந்துப் போக்குவரத்து நிறுவனத்தைத் தொடங்கினார். ஏ.பி.டி. என்று நாமெல்லாரும் அறிந்த பெயர் அதுவே. அக்காலத்துச் சாலைகள் எத்தன்மையன என்பதைப் பெரியோர் நினைவுகூர்வர். சரளைக் கல்லும் புழுதியும் நிறைந்த பாதை. வழியில் வண்டி பழுதானால் உதவிக்கு ஆளில்லை. யுத்த காலத்தில் பெட்ரோல் பஞ்சம் வந்து, வண்டியின் பின்புறம் அடுப்பைக் கட்டிக் கரிவாயுவைக் கொண்டு பேருந்து ஓட்டிய கதையை நம் பாட்டனார் சொல்லக் கேட்டிருக்கின்றோம். இத்தகைய தொழில் நடக்கும் வீட்டில் வளர்ந்த சிறுவனுக்கு இயந்திரத்தின்மீது நாட்டம் உண்டாவது இயல்பேயன்றோ?

அவர் சென்னைக்குச் சென்று உயர்கல்வி பெற்று, கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பயின்று எஞ்சினீயரானார். அக்கல்லூரியின் வரலாற்றைச் சிறிது சொல்ல வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனியார் நிலமளக்கும் ஆட்களைப் பழக்குவதற்காக 1794-இல் எட்டு மாணாக்கரோடு தொடங்கிய சர்வே பள்ளியே அதன் வித்து. 1859-இல் அது கல்லூரியாயிற்று. 1920-இல் கிண்டிக்குக் குடிபெயர்ந்தது. எட்டுப் பேரோடு தொடங்கிய பள்ளியிலிருந்து புறப்பட்டவர்கள் பின்னர் இந்நாட்டின் அணைகளையும் பாலங்களையும் சாலைகளையும் சமைத்தார்கள். சிறியதாய்த் தொடங்குவது இழிவன்று, தொடங்காமலிருப்பதே இழிவு.

தாய்மார்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றும் இங்கே உண்டு. ஏறக்குறைய மகாலிங்கம் அவர்கள் கல்லூரியிற் பயின்ற அக்காலத்திலேதான், 1943-இல், அ. லலிதா என்னும் அம்மையார் கிண்டியில் மின்சார எஞ்சினீயரிங்கில் பட்டம் பெற்றார். பதினெட்டு வயதில் கணவரை இழந்து, கையில் நான்கு மாதக் குழந்தையோடு நின்ற பெண் அவர். அக்காலத்து வழக்கப்படி அவரை மூலையில் உட்காரவைக்காமல், தந்தையார் கல்லூரிக்கு அனுப்பினார். பட்டம் பெற்ற அவர் பிற்காலத்தில் பக்ரா நங்கல் அணையின் மின்சாரக் கம்பித் தொடர் வேலையிலும் பங்கு கொண்டார். 1964-இல் நியூயார்க்கில் கூடிய முதலாவது சர்வதேசப் பெண் எஞ்சினீயர்கள், விஞ்ஞானிகள் மகாநாட்டிலும் கலந்துகொண்டார். நம் வீடுகளில் பெண் குழந்தைகள் பன்னிரண்டாம் வகுப்போடு நின்று போவதற்கு இன்றும் நாம் சொல்லும் சாக்குகள், லலிதா அம்மையாரின் தந்தையாரிடம் இல்லாதவை அல்ல. அவர் அவற்றைச் சொல்ல மறுத்தார், அவ்வளவே.

மகாலிங்கம் அவர்கள் விஷயத்திற்கு மீள்கின்றேன். படிப்பு முடிந்ததும் அவருக்கு எந்தப் பெரிய உத்தியோகமும் எளிதிற் கிடைத்திருக்கும். அக்காலத்தில் எஞ்சினீயர் பட்டம் பெற்றோர் மிகச் சிலர். சர்க்கார் உத்தியோகமோ பெருமதிப்புடையது. அவரோ ஊருக்குத் திரும்பித் தந்தையாரின் தொழிலில் புகுந்தார். முதலாளியின் மகன் நாற்காலியில் அமர்ந்து கணக்குப் பார்த்தாற் போதும் என்று எண்ணுவது உலக இயல்பு. எஞ்சினீயர் கண்ணோ வேறு. ஓடும் வண்டியின் ஓசையைக் கேட்டே எங்கே தேய்மானம் என்று அறிவது அது. ஒரு காசு எங்கே வீணாகின்றது என்பதைப் பார்ப்பதும் அதே கண்தான்.

அவர் தொழிலோடு நின்றாரா? இல்லை. 1952-இல் நடந்த முதற் பொதுத் தேர்தலில், முப்பது வயது நிரம்புமுன்னரே, காங்கிரஸ் கட்சியின் சார்பில் பொள்ளாச்சித் தொகுதியின் சட்டசபை அங்கத்தினரானார். 1967 வரையில் பதினைந்து வருஷம் அப்பதவியிலிருந்தார். அக்காலத்தில் அவர் உழைத்த காரியங்களுள் தலையாயது பரம்பிக்குளம் ஆழியாறுத் திட்டம். வையம்பட்டியாராகிய நாம் அதைப்பற்றி ஊன்றிக் கேட்க வேண்டும். ஏனெனின் நம் பூமியும் வானத்தையே நோக்கி வாழும் பூமி. பொன்னணியாற்று அணையில் நீர் எத்தனை அடி என்று கேட்டுக் கேட்டு நாட்களைக் கடத்துகின்றவர்கள் நாம். காவிரி நம் ஜில்லாவில் ஓடுகின்றதென்று பெயர்; ஸ்ரீரங்கத்தாருக்கு இருபுறமும் ஆறு, நமக்கோ ஆழ்கிணறு.

ஆனைமலையில் பெய்யும் மழையில் பெரும்பகுதி மேற்கே ஓடி அரபிக் கடலில் விழுந்துகொண்டிருந்தது. மலைக்குக் கிழக்கே பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம், காங்கயம் ஆகிய பகுதிகளின் மேட்டு நிலங்கள் வறண்டு கிடந்தன. மலையில் நீர் இருக்கின்றது, சமவெளியில் தாகம் இருக்கின்றது. நடுவில் மலை நிற்கின்றது. சோலையாறு, பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் முதலிய இடங்களில் அணைகளைக் கட்டி, அவற்றைச் சுரங்கவழிகளால் ஒன்றோடொன்று இணைத்து, மேற்கே ஓடும் நீரைக் கிழக்கே திருப்புவதே திட்டம். உயரத்திலிருந்து இறங்கும் நீர் சர்க்கார்பதி முதலிய இடங்களில் முதலில் மின்சாரத்தை அளிக்கின்றது. அதன் பின்னரே காண்டூர்க் கால்வாய் வழியாக மலைச்சரிவைச் சுற்றிச்சென்று திருமூர்த்தி அணையை அடைந்து வயலுக்குப் பாய்கின்றது. ஒரே நீர் இருமுறை வேலை செய்கின்றது. இதுவே எஞ்சினீயரிங் என்னும் வித்தையின் சாரம்.

ஆயினும் வரைபடம் போட்டால் மாத்திரம் அணை எழுந்துவிடாது. நீர் பிறக்குமிடங்களும் அணைகள் அமையுமிடங்களும் இரு இராச்சியங்களைச் சேர்ந்தவை. 1956-இல் கேரள இராச்சியம் அமைந்தபின் அதனோடு பேசி இணங்க வேண்டியிருந்தது. காமராஜர் முதன்மந்திரியாகவும், சி. சுப்பிரமணியம் அவர்கள் நிதிமந்திரியாகவும் இருந்த அக்காலத்தில், உள்ளூர்ப் பெரியோர் பலரோடு சேர்ந்து இத்திட்டத்திற்காக ஓயாது முயன்றவர்களுள் மகாலிங்கம் அவர்களும் ஒருவர். 1961-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் நேரு பெருமான் வந்து வேலையைத் தொடங்கிவைத்தார். இரு இராச்சியங்களுக்கும் எழுத்து மூலமான உடன்படிக்கை 1970 மே மாதத்திலேதான் கையெழுத்தாயிற்று. அது 1958 நவம்பர் முதலே செல்லுபடியாகும் என்று ஏற்பட்டது. அதாவது, தாளில் மை காய்வதற்கு முன்னரே நம்பிக்கையின்மேல் அணைகள் எழுந்தன. இன்று சுமார் நான்கு லட்சம் ஏக்கர் நிலம், மண்டலம் மண்டலமாக முறைவைத்து, அந்நீரைப் பெறுகின்றது. எல்லாருக்கும் எல்லா வருஷமும் நீர் இல்லை, முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றார்கள். பகிர்ந்துகொள்வதிலும் பூசல்கள் உண்டு. எனினும் அந்நீர் இல்லாதிருந்தால் பூசலிட ஒன்றும் இராது.

அன்பர்களே! அவர் வாழ்வில் எல்லாம் ஏற்றமாகவே இருந்ததென்று எண்ணிவிட வேண்டாம். 1970-களின் தொடக்கத்தில் தமிழக அரசாங்கத்தார் பெரிய பேருந்து நிறுவனங்களைத் தம்வசமாக்கிக்கொண்டபோது, தந்தையார் தொடங்கிய பிரயாணிப் பேருந்துத் தொழிலும் கையைவிட்டுப் போயிற்று. நாற்பது வருஷ உழைப்பு ஒரு சட்டத்தால் மாறிவிடுவது எவருக்கும் எளிதன்று. அரசாங்கத்தின் கொள்கை சரியா, தவறா என்பது வேறு விசாரணை. பொதுஜனங்களுக்கு அதனால் நன்மை விளைந்தது என்பாரும் உளர். நாம் பார்க்க வேண்டுவது, இழந்தவர் என்ன செய்தார் என்பதே. அவர் திண்ணையில் அமர்ந்து புலம்பவில்லை. பேருந்து போனாற் போகட்டும், லாரி இருக்கின்றது என்று சரக்குப் போக்குவரத்தைப் பெருக்கினார். ஏ.பி.டி. பார்சல் சர்வீஸ் என்னும் பலகையைக் காணாத ஊர் தமிழ்நாட்டிற் குறைவு.

அதற்கு முன்னரே, 1960-களில், ஈரோட்டுப் பகுதியிலுள்ள ஆப்பக்கூடலில் சக்தி சர்க்கரை ஆலையை நிறுவியிருந்தார். சர்க்கரை ஆலை என்பது வெறும் கட்டடமன்று. அதைச் சுற்றிப் பல ஆயிரம் குடியானவர்கள் கரும்பு பயிரிட வேண்டும். வெட்டிய கரும்பு காலதாமதமின்றி ஆலைக்கு வந்து சேர வேண்டும். தாமதித்தால் சாற்றிலுள்ள சர்க்கரை குறைந்துவிடும். பிழிந்தபின் மிஞ்சும் சக்கையே கொதிகலனுக்கு எரிபொருள். அதில் எழும் நீராவியே இயந்திரங்களை ஓட்டுவதும் சாற்றைக் காய்ச்சுவதும். சர்க்கரை போக எஞ்சும் பாகு, சாராவி வடிக்கும் ஆலைக்குப் போகின்றது. மிஞ்சும் கசடு வயலுக்கு எருவாகின்றது. ஒன்றையும் எறியாத தொழில் அது. பேருந்து ஓட்டியவருக்கு ஒழுங்கும் நேரமும் தெரியும். எஞ்சினீயருக்குக் கொதிகலன் தெரியும். குடியானவர் வீட்டுப் பிள்ளைக்குக் கரும்புக்காரனின் மனம் தெரியும். இம்மூன்றும் ஓரிடத்தில் கூடியமையால் அத்தொழில் ஊன்றியது என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

இனி, இன்றைய தீர்மானத்தோடு தொடர்புடைய பகுதிக்கு வருகின்றேன். பொருள் சேர்த்தவர் பலர். சேர்த்த பொருளைக் கொண்டு என்ன செய்தார் என்பதே ஒருவரை நினைவில் நிறுத்துகின்றது. மகாலிங்கம் அவர்கள் சட்டசபை அங்கத்தினராயிருந்த 1957-ஆம் வருஷத்திலேயே பொள்ளாச்சியில் தந்தையார் பெயரால் பாலிடெக்னிக் ஒன்றும், என்.ஜி.எம். கல்லூரி என்று வழங்கும் கலைக் கல்லூரி ஒன்றும் தோன்றின. அப்போது அவருக்கு வயது முப்பத்துநான்கு. சர்க்கரை ஆலை இன்னும் எழும்பவில்லை. தாங்கள் கவனிக்க வேண்டுவது இதுவே: பெருஞ்செல்வம் வந்தபின் மிச்சத்திலிருந்து கல்விக்குக் கொடுத்தவரல்லர் அவர். ஆலைக்கு முன்னே கல்லூரி. 1984-இல் கோயமுத்தூரில் குமரகுரு தொழில்நுட்பக் கல்லூரியும், 1998-இல் பொள்ளாச்சியில் அவர் பெயராலேயே பொறியியற் கல்லூரியும் ஏற்பட்டன. தாம் கிண்டிக்குப் போய்க் கற்றதை, பொள்ளாச்சிப் பிள்ளைகள் பொள்ளாச்சியிலேயே கற்கும்படி செய்தார். பழைய மாணாக்கன் தன் கல்லூரிக்குச் செலுத்தும் மரியாதை, வருஷம் ஒருமுறை கூடி விருந்துண்டு பழங்கதை பேசுவதோடு முடிந்துவிடுவதில்லை. தான் பெற்ற விளக்கின் சுடரிலிருந்து வேறோர் அகலைக் கொளுத்துவதே மெய்யான மரியாதை.

இவ்விதம் செய்தவர் அவர் ஒருவரேயல்லர். காரைக்குடி அழகப்பச் செட்டியார் அவர்கள் 1944-இல் சென்னைச் சர்வகலாசாலைக்கு ஐந்து லட்சம் ரூபாய் அளித்தமையால் தோன்றியதே கிண்டியிலுள்ள அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி. சுவாமிமலையிற் பிறந்த சி. ராஜம் அவர்கள் தாம் வாழ்ந்த இந்தியா ஹவுஸ் என்னும் மாளிகையையே விற்று, 1949-இல் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. என்னும் கல்லூரியை நிறுவினார். இராமேசுவரத்து அப்துல் கலாம் அவர்களும், நம் ஸ்ரீரங்கத்து எழுத்தாளர் சுஜாதா அவர்களும் திருச்சிராப்பள்ளி செயின்ட் ஜோசப் கல்லூரியிற் படித்து, பின்னர் எஞ்சினீயரிங் பயின்றது அக்கல்லூரியிலேதான். ராஜம் அவர்கள் அம்மாளிகையைத் தமக்கென வைத்துக்கொண்டிருந்தால், இன்று அது எவருக்கும் நினைவிராத ஒரு பழைய பங்களாவாக இருந்திருக்கும்.

நம் திருச்சிராப்பள்ளியையே பாருங்கள். மேட்டூர் இரசாயனத் தொழிற்சாலையை 1936-இல் தொடங்கிய சேஷசாயி சகோதரர்களின் பெயரால் 1952 முதல் இங்கே தொழில்நுட்பப் பள்ளி நடக்கின்றது. 1964-இல் பிராந்தியப் பொறியியற் கல்லூரி வந்தது. 2003-இல் அது தேசியத் தொழில்நுட்பக் கழகமாயிற்று. திருவெறும்பூரில் 1965 முதல் பெல் நிறுவனம் கொதிகலன் செய்கின்றது. காவிரிக்கு அக்கரையில் மோகனூரில் விவசாயக் குடும்பத்திற் பிறந்து, தமிழ்வழிப் பள்ளியிற் படித்த என். சந்திரசேகரன் அவர்கள், திருச்சிப் பிராந்தியப் பொறியியற் கல்லூரியில் 1986-இல் பட்டம் பெற்று, 2017-இல் டாட்டா குழுமத்தின் தலைவரானார். வாசல் நம் ஜில்லாவிலேயே இருக்கின்றது. வையம்பட்டியிலிருந்து அவ்வாசலுக்கு ஐம்பது மைல்கூட இல்லை. ஆயினும் நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அதைக் கடந்தார்கள் என்று தங்கள் நெஞ்சைத் தாங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

மகாலிங்கம் அவர்களைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையற்றவனாவேன். அவர் வள்ளலார் இராமலிங்க அடிகளிடத்தில் ஆழ்ந்த பக்தியுடையவர். அடிகள் பிறந்தது 1823. அவர் பிறந்தது ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து. இராமலிங்கர் பணி மன்றத்தின் வாயிலாக வருஷந்தோறும் வள்ளலாருக்கும் காந்தியடிகளுக்கும் விழா எடுத்தார். ஓம் சக்தி என்னும் மாதப் பத்திரிகையை நடத்தினார். 2007-இல் பத்மபூஷண் விருது பெற்றார். 2014-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 2-ஆம் தேதி, தொண்ணூற்றோராவது வயதில், சென்னையில் அவ்விழாவின்போதே உயிர் நீத்தார். விரும்பிய பணியின் நடுவிலேயே விடைபெறும் பேறு எத்தனை பேருக்கு வாய்க்கும்?

வள்ளலார் சாதி சமயப் பேதங்களைக் கடிந்தவர். 1867-இல் வடலூரில் அவர் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றும் அணையாது எரிகின்றது. அங்கே வருவோரை இன்ன குலத்தார் என்று எவரும் கேட்பதில்லை. பசி உண்டா என்பதே கேள்வி. நாமோ ஒரு குலத்தின் சங்கமாகக் கூடியிருக்கின்றோம். இது குற்றமா என்று இளைஞர் சிலர் என்னைக் கேட்டதுண்டு. உறவினர் ஒருவருக்கொருவர் உதவக் கூடுவது குற்றமன்று என்று விடை சொன்னேன். ஆனால் கூடிய பின் கதவைத் தாளிட்டுக்கொள்வது குற்றமே. இதை நான் புத்தகத்திற் படித்துச் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நேர்ந்ததைச் சொல்கின்றேன். சற்றுப் பொறுமையோடு கேட்க வேண்டும்.

நான் எஞ்சினீயரிங் கல்லூரியில் இடம் பெற்ற வருஷம் என் தகப்பனார் எங்கள் உழவுமாடு ஒரு ஜதையை மணப்பாறைச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போனார். விடியற்காலையில் புறப்பட்டவர் மாலையில் கையில் கயிறு மாத்திரம் கொண்டு திரும்பினார். அக்கயிற்றை அவர் தொழுவத்து முளையில் மாட்டியதை நான் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வருஷச் சம்பளம் கட்டியாயிற்று. இரண்டாம் வருஷம் மழை பொய்த்தது. விற்க மாடும் இல்லை. நம்மவருள் வசதியுடைய சிலரை என் தகப்பனார் நாடினார். அவர்கள் கல்மனத்தினரல்லர், அவரவர்க்கு அவரவர் கஷ்டம். ஆயினும் பணம் கிடைக்கவில்லை.

கல்லூரியை விட்டுவிடுவதென்று தீர்மானித்து, பெயரை நீக்கக் கடிதம் எழுதி எடுத்துச் சென்றேன். எங்கள் ஆசிரியர் ஒருவர் அதை வாங்கிப் படித்துவிட்டு மடித்துத் தம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் முந்நூறு ரூபாய் கொடுத்து, "வேலை கிடைத்தபின் கொடு, இப்போது வகுப்புக்குப் போ" என்றார். அவர் நம் குலத்தவரல்லர். என் குலம் எதுவென்று அவர் கேட்டதுமில்லை. அவருடைய சம்பளமும் அக்காலத்தில் அதிகமன்று.

அன்பர்களே! எனக்கு வேலை கிடைத்தது. முதற் சம்பளத்தில் தங்கையின் கலியாணக் கடன், அடுத்த வருஷம் கிணறு, அதன்பின் என் கலியாணம், பிறகு வீடு. அடுத்த மாதம் அனுப்புவோம், அடுத்த மாதம் அனுப்புவோம் என்று எண்ணிக்கொண்டே முப்பத்தொரு வருஷங்கள் கடந்தன. பழைய மாணாக்கர் கூட்டத்திற்கு அழைப்பு வந்தபோது, பணத்தைப் பலமடங்காக உறையிலிட்டுக்கொண்டு போனேன். அவர் காலமாகி எட்டு வருஷமாயிற்று என்று அங்கே சொன்னார்கள். வீட்டைத் தேடிக் கண்டு, அம்மையாரை வணங்கி, விஷயத்தைச் சொல்லி உறையை நீட்டினேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. "கடன் கொடுத்தவர் போய்விட்டார், தம்பி. எனக்கு இதில் உரிமையில்லை. அவர் வேலை பார்த்த ஆபீஸ் வாசலில் இன்றைக்கும் எவனாவது ஒரு பையன் நின்றுகொண்டிருப்பான், போய்ப் பாருங்கள்" என்றார்.

போய்ப் பார்த்தேன். நின்றுகொண்டிருந்தான்.

அன்றுமுதல் வருஷந்தோறும் ஒரு பிள்ளைக்கு என்னால் இயன்றதைச் செய்து வருகின்றேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அவர் உயிரோடிருந்தபோது ஒரு கடிதமாவது எழுதாத குற்றம் இதனால் தீராது. மகாலிங்கம் அவர்கள் ஆலைக்கு முன்னே கல்லூரி கட்டினார் என்று சொன்னேனன்றோ? நானோ கலியாணம், கிணறு, வீடு எல்லாம் முடித்து, மிச்சத்தில் கடன் தீர்க்கப் போனேன், கடன்கொடுத்தவர் இல்லை. அதனால்தான் இன்று தங்கள் முன் நிற்கின்றேன்.

கலியாண மண்டபம் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. நம்மவர் வாடகை மண்டபங்களில் படும் அவஸ்தையை அறிவேன். மண்டபத்து வாடகையிலிருந்தே பிற்காலத்தில் படிப்புக்கு உதவலாமே என்று அக்கட்சியார் சொல்வதிலும் நியாயமுண்டு. ஆனால் மண்டபம் கட்டி முடிந்து, அதன் கடன் தீர்ந்து, வாடகை மிஞ்சத் தொடங்குவதற்குள், இன்று பன்னிரண்டாம் வகுப்பிலிருக்கும் பிள்ளைக்கு முப்பது வயதாகிவிடும். மண்டபம் பத்து வருஷம் பொறுக்கும்; பிள்ளையின் வயது பொறுக்காது. ஆதலின் முதலில் நிதி, அதன்பின் மண்டபம் என்று வரிசையை மாற்றுமாறே வேண்டுகின்றேன்.

நிதியை எவ்விதம் நடத்துவது? தானமாக வேண்டாம்; வட்டியில்லாக் கடனாகக் கொடுப்போம். கணக்கு எளியது. ஒரு லட்சம் ரூபாயை ஐந்து பிள்ளைகளுக்கு ஆளுக்கு இருபதாயிரமாகக் கொடுத்தால், நான்கு வருஷம் படிப்பு, பின் ஆறு வருஷத்தில் சிறுகச் சிறுகத் திருப்பிக் கட்டுவது என்று வைத்துக்கொள்வோம். பத்து வருஷத்திற்கு ஒரு சுற்று. முப்பது வருஷத்தில் அதே ஒரு லட்சம் பதினைந்து பிள்ளைகளைப் படிக்கவைக்கும். முடிவில் ஒரு லட்சமாகவே சங்கத்தின் கையில் இருக்கும். சிலர் கட்டத் தவறுவார்கள். நானே தவறியவன், ஆதலின் அவர்களை இகழ மாட்டேன். மாதந்தோறும் ஒரு கடிதம் போட்டு நினைவூட்டுவது காரியதரிசியின் கடமையாக இருக்கட்டும். எனக்கு அப்படி ஒரு கடிதம் வந்திருந்தால் முப்பத்தொரு வருஷம் ஆகியிராது.

மூன்று நிபந்தனைகளைத் தாழ்மையோடு முன்வைக்கின்றேன். முதலாவது, நிதியில் மூன்றிலொரு பங்காவது பெண் குழந்தைகளுக்கு. இரண்டாவது, எஞ்சினீயரிங் கல்லூரிக்கு மாத்திரமன்றிப் பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. படிப்புக்கும் உதவி உண்டு; லேத்தில் நிற்பவனும் எஞ்சினீயரின் சகோதரனே. மூன்றாவது, ஐவரில் ஒருவராவது இவ்வட்டாரத்திலுள்ள வேறு குலத்து ஏழைப் பிள்ளையாக இருத்தல் வேண்டும். இம்மூன்றாவதைக் கேட்டதும் சிலர் முகம் சுளிப்பதைக் காண்கின்றேன். சுளிக்க வேண்டாம். நம் சங்கத்து மேடையில் இன்று ஓர் எஞ்சினீயர் நின்று பேசுகின்றானென்றால், அது வேறு குலத்து ஆசிரியர் ஒருவரின் முந்நூறு ரூபாய். அக்கடன் என் பெயரில் மாத்திரமில்லை. என்னை நம்மவன் என்று சொல்லிக்கொள்ளும் இச்சங்கத்தின் பெயரிலும் இருக்கின்றது.

என் பங்காக ஒரு லட்சம் ரூபாயை, தீர்மானம் நிறைவேறினால், இன்றே காரியதரிசி அவர்களிடம் ஒப்புவிக்கின்றேன். அந்நிதிக்கு என் பெயரோ என் தகப்பனார் பெயரோ வேண்டாம். வையம்பட்டிக் கல்விக் கடன் நிதி என்றே இருக்கட்டும்.

மாணவச் செல்வங்களே! கடைசியாக உங்களுக்கு ஒரு வார்த்தை. நாளை நீங்கள் கல்லூரிக்குப் போவீர்கள், வேலைக்குப் போவீர்கள், கடல் கடந்தும் போவீர்கள். போங்கள். முதற் சம்பளம் வாங்கிய மாதத்திலேயே உங்கள் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பணம் பிறகு அனுப்பலாம்; கடிதத்திற்குத் தாமதம் கூடாது.

 தீர்மானத்தை இனி அக்கிராசனாதிபதி அவர்கள் வாக்குக்கு விடுவார்களாக.